மலைப்பாதைக்கு நான்கு டயர்கள்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து செல்லும் குறுகிய சாலையொன்று கிளென்மார்கனில் வந்து முடிகிறது. அதன் எல்லையில் மின்வாரியத்தின் நீர்த்தேக்கம் உள்ளது. மலைவிளிம்பிலிருந்து குழாய்களின் வழியே சிங்காரா வனப்பகுதியை நோக்கி நீர் செங்குத்தாக இறங்குகிறது. 1932-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் அங்கேதான் இருக்கிறது. நீருக்கு நேர்வழி உண்டு. மனிதர்களுக்கு வளைவுகள்தாம்.

சமவெளியில் வாழும் நம் சொந்தங்களுக்கு டயர் மாற்றுவது அரைநாள் வேலை. எங்களுக்கோ அது 2025-ஆம் ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் வீட்டுக்குள் மஷூரா நடத்த வைத்த விஷயமாயிற்று. காரணம், எங்கள் வண்டி. குடும்பத்தில் மச்சான் ஒருவர் துபாய்க்கு மாற்றலாகிச் சென்றபோது தம்முடைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. காரை எங்களிடம் விட்டுச் சென்றார். விலையை இரண்டு ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தோம். வட்டி என்ற பேச்சே எழவில்லை. 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 105 குதிரைத்திறனும் கொண்ட சிறிய வண்டி அது. ஜீப்பும் பிக்கப்பும் ஓடும் எஸ்டேட்டில், தரையோடு பதுங்கி நிற்கும் இந்தச் சிவப்புக் காரைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. 2022-இல் அந்நிறுவனம் இந்தியாவில் போலோ உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆகவே இதை விற்று இதுபோன்ற இன்னொன்றைப் புதிதாக வாங்கவும் வழியில்லை. உள்ளதைப் பேண வேண்டியதுதான்.

ஜும்ஆவுக்கு உதகை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மளிகையும் பிள்ளைகளின் படிப்பும் அங்கேதான். பிள்ளைகளின் நன்னியை மாதம் ஒருமுறை மருத்துவச் சோதனைக்குக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதற்குக் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம்வரை இறங்க வேண்டும். அந்த மலைப்பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். மறுபுறம் தலைக்குந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி செல்லும் சாலையில் 36 வளைவுகள். வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்கத் தடையே உண்டு. இத்தகைய சாலைகளில் பிரேக்கை விடவும் எஞ்சினை விடவும் முக்கியமானது டயர். எத்தனை வலிமையான பிரேக்கானாலும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள ரப்பர். ஒரு டயர் எந்நேரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளின் மேல் ஒரு குடும்பம் மலையிறங்குகிறது.

ஜூலை மாதம் பஞ்சர் கடை பாய் ஒருவர் எங்கள் முன்சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு அமர்ந்து, பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். டயரின் பள்ளங்களுக்கு அடியில் சிறு சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாக வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். சட்டப்படி அதற்குக் கீழ் ஓட்டக் கூடாது. புதிய டயரில் அந்த ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். எங்கள் முன்டயர்களில் 2 மில்லிமீட்டர் இருந்தது. “சட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. மழைக்கு இல்லை” என்றார் அவர். இந்த விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த அறிவுரை அதுதான். பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியேற்றுவதற்காக. அவை ஆழமிழந்தால் தண்ணீர் போக்கிடமின்றி டயருக்கும் தாருக்கும் இடையே தங்கும். வண்டி தண்ணீரின் மேல் வழுக்கத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குப் பகுதியில் எப்படிப் பெய்யும் என்பதற்கு ஒரு சான்று போதும்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது.

பின்டயர்களில் பள்ளம் இன்னும் பாதி இருந்தது. இரண்டை மட்டும் மாற்றினால் செலவு பாதியாகுமே என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. அவற்றின் பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன. முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்களுடையவை 2019-இல் உருவானவை. ஆறு ஆண்டு வெயிலும் பனியும் கண்டு, ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. எனவே நான்கையும் மாற்றத் தீர்மானித்தோம். பின்டயர்கள் நல்ல நிலையில் இருந்து இரண்டு மட்டுமே வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய இரண்டையும் முன்னால் போடுவதே நம்மூர் வழக்கம். ஆனால் பின்னால் போடுவதே பாதுகாப்பு என்பது டயர் நிறுவனங்களின் பரிந்துரை. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழலும். கொண்டை ஊசி வளைவில் சுழலும் வண்டியை மீட்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். அவனுடைய கருத்து வேறாக இருந்தது. “அத்தா, இது ஸ்போர்ட்ஸ் கார். பதினாறு இன்ச் சக்கரம் மாற்றி, அகலமான பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டால்தான் வண்டிக்கே மரியாதை” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டோம். வாதத்தோடு கணக்கையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். வண்டியோடு வந்த அளவு 185/60 ஆர்15. அதாவது 185 மில்லிமீட்டர் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு, அதாவது 111 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம். மொத்த உயரம் 603 மில்லிமீட்டர். அவன் கேட்ட 195/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். மூன்று விழுக்காடு வித்தியாசம். இதே போலோவின் பிற்கால ஜி.டி. வண்டிகள் அந்த அளவிலேயே வந்தன என்பதையும் அவன் சொன்னான், அது உண்மைதான்.

ஆனாலும் நாங்கள் இணங்கவில்லை. நான்கு புதிய சக்கரங்களின் விலையே டயர்களின் விலையை எட்டிவிடும் என்பது ஒன்று. பக்கச் சுவர் குறுகக் குறுகச் சாலைக்குழியின் அடியைத் தாங்கும் ரப்பர் குறைகிறது என்பது இன்னொன்று. மழைக்குப் பின் எங்கள் சாலையில் குழிகளை எண்ணுவதைவிடக் குழியில்லாத இடங்களை எண்ணுவது எளிது. மூன்றாவதுதான் எங்களைத் தீர்மானமாக நிறுத்தியது. தேங்கிய நீரில் அகலமான டயர், குறுகிய டயரைவிட எளிதில் மிதக்கும். வறண்ட பந்தயத் திடலில் எது வலிமையோ, அதுவே மழையில் நனைந்த மலைச்சாலையில் பலவீனமாகிறது.

‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற சொல்லை வைத்து எங்கள் வீட்டில் நடந்த விவாதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு நெருங்கிய வகை டயர்களின் ரப்பர் மென்மையானது. சூடேறினால் தரையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் அது விரைவில் தேயும். தவிரவும், கோடைக்கால வகை ரப்பர் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படியும் உதகையில் ஃபஜ்ர் நேரத்தில் வண்டியெடுப்பவருக்கு அந்த ரப்பரால் என்ன பயன்? டயரின் மேல் எழுதியுள்ள வேக எழுத்தையும் பார்த்தோம். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், ஹெச் என்றால் 210, வி என்றால் 240 வரை தாங்கும். இங்கே 40-ஐத் தாண்டினாலே நன்னி ஸலவாத்தை உரக்க ஓத ஆரம்பித்துவிடுவார். அதற்காக வண்டிக்கு விதித்ததைவிடத் தாழ்ந்த எழுத்தை வாங்குவதும் சரியன்று. அந்த எழுத்து, டயரின் கட்டமைப்பு எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதன் பக்கத்திலுள்ள எடை எண்ணும் அப்படியே: 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ சுமக்கும். அதற்குக் குறைந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

ஆக, எங்களுக்கு வேண்டிய திறன் ஒன்றே: ஈரச் சாலையில் குறுகிய தூரத்தில் நிற்பது. யாருக்காக நிற்பது என்பதையும் சொல்ல வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் எங்கள் சாலையோரமெல்லாம் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்கள் வரிசையாக நடந்து வருவார்கள். தலையிலும் முதுகிலும் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தியிருப்பார்கள். மழைச்சத்தத்தில் பின்னால் வரும் வண்டி கேட்காது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் அவர்களும் தெரிய மாட்டார்கள். சாலைக்கு நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மண்சரிவு, மறுபக்கம் தேயிலைப் புதர். மணிக்கு 40-இல் செல்லும் வண்டியை 60-க்கு உயர்த்தினால், பிரேக் பிடித்தபின் அது ஓடும் தூரம் ஒன்றரை மடங்கு அன்று, இரண்டேகால் மடங்காகும். அதோடு டயரும் தேய்ந்திருந்தால், அந்தக் கூடுதல் தூரத்துக்குள் யார் நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நாமே பாதைக்கு இடையூறாக ஓடுவதற்கு என்ன பெயர்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதை டயருக்குப் பொருத்திச் சொன்ன ஆலிமை இதுவரை கண்டதில்லை. சொன்னால் இம்மலையில் நல்ல வரவேற்பு இருக்கும்.

இனிப் பணம். மிச்செலின், பிரிட்ஜ்ஸ்டோன், கான்டினென்டல் முதலிய வெளிநாட்டுப் பெயர்களுக்கு எங்களிடம் கேட்கப்பட்ட விலை, நான்கு டயருக்கு முப்பதாயிரத்தைத் தாண்டியது. நம் நாட்டு நிறுவனங்களின் நடுத்தர டயர்கள் இருபத்தைந்தாயிரத்துக்குள் இருந்தன. இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. 1946-இல் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் இன்றைய எம்.ஆர்.எஃப். ஒரகடத்தில் அப்பல்லோவும் ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயரும் ஆலை வைத்திருக்கின்றன. மேலும், 2022 ஜூனில் ஒன்றிய அரசு அறிவித்த விதிகள், விற்பனைக்கு வரும் டயர்களின் ஈரத் தரைப்பிடிப்பு, உருளும்போது எழும் எதிர்ப்பு, ஓசை ஆகிய மூன்றுக்கும் தர எல்லை வகுத்துள்ளன. எனவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள உள்நாட்டு டயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கடைக்காரர்கள் தவணைத் திட்டங்களை நீட்டினார்கள். வட்டி கலந்த எதுவும் வேண்டாம் என்பதால் சேமித்து வாங்குவதென முடிவாயிற்று. அந்நேரத்தில்தான், ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஜி.எஸ்.டி. வரி குறையுமென அறிவித்தார். செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய மன்றம் டயருக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைத்தது; அது 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அடிப்படை விலை 5000 ரூபாய் உள்ள டயர் 6400-இலிருந்து 5900-ஆக இறங்கும். நான்குக்கு 2000 ரூபாய் மிச்சம். காத்திருப்பது நியாயமான சிக்கனம். ஆனால் தேய்ந்த டயரோடு ஆகஸ்ட் மழையில் ஓட்டியபடியே காத்திருப்பது சிக்கனமன்று. வண்டியைத் தார்ப்பாயால் மூடி நிறுத்திவிட்டுப் பேருந்தில் சென்றுவந்தோம். கோவை மருத்துவமனைக்கு இரண்டு முறை வாடகைக் கார் எடுத்தோம். அந்த வாடகை 2000 ரூபாய் லாபத்தை முழுவதும் விழுங்கி, மேலும் கொஞ்சம் கேட்டது. ஆயினும் அந்த வாரங்களில்தான் சேமிப்பு நிறைந்தது. நன்னியும் தேய்ந்த டயரில் மலையிறங்கவில்லை.

சமவெளியில் ஒரு கடையில் எங்கள் அளவு டயர் டயருக்கு ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. பளபளவென்று மெழுகு பூசி அடுக்கியிருந்தார்கள். நீள்வட்டத்துக்குள் பார்த்தால் 2021-ஆம் ஆண்டு. கேட்டோம். “ஓடாத டயர் எப்படிப் பழசாகும்?” என்றார்கள். ரப்பர் அலமாரியில் கிடந்தாலும் மெல்ல முதுமையடையும். நிழலில் முறையாக வைக்கப்பட்ட டயர் உடனே கெட்டுவிடாது என்பதும் உண்மை. ஆயினும் ஆண்டைச் சொல்லாமல் புதியதென்று விற்பது வேறு விஷயம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய நிகழ்ச்சியை நாமனைவரும் அறிவோம். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவர்கள் வியாபாரியிடம் கேட்டார்கள். ஆண்டைச் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் நாங்களும் யோசித்திருப்போம். நம் சமுதாயத்தில் டயர் வியாபாரம் செய்வோர் கணிசமாக உண்டு; அவர்கள் அந்த நீள்வட்டத்தைத் தாங்களே வாடிக்கையாளருக்குக் காட்டலாம். நாங்கள் இறுதியில் வாங்கிய கடைக்காரர் அப்படித்தான் காட்டினார்.

அக்டோபர் முதல் வாரத்தில் அப்பல்லோவின் அல்நாக் வகை டயர் நான்கு, அதே 185/60 ஆர்15 அளவில் வாங்கினோம். வடகிழக்குப் பருவமழை குன்னூர் பக்கச் சரிவில் இறங்குவதற்குள் மாட்டி முடிக்க வேண்டுமென்பது எங்கள் கணக்கு. பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்துகொண்டோம். அலைன்மென்ட் பிசகினால் மலைச்சாலையில் முன்டயரின் ஓரங்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். வால்வுகளையும் புதிதாக மாற்றச் சொன்னோம், சிறு செலவுதான். புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து ஒட்டிவந்த வழவழப்பு இருக்கும். அது போகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானம் தேவை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்தில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிக்கொண்டு மலையேறினால் மேலே குளிரில் காற்று குறைந்துவிடும் என்பார்கள். குளிர்ச்சியால் குறைவது மெய்யே. 35 பாகையிலிருந்து 12 பாகைக்கு வந்தால் மூன்றரை அளவு குறையும். ஆனால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் தணிந்திருப்பதால், அளவுகோல் இரண்டரை அளவு கூட்டியே காட்டும். கூட்டிக் கழித்தால் ஒன்றுதான் வித்தியாசம். மகன் இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது அவன் படிப்புச் செலவு வீண்போகவில்லை என்று தோன்றியது. எதற்கும், ஊரில் அதிகாலையில் டயர் குளிர்ந்திருக்கையில் சரிபார்ப்பதே எங்கள் வழக்கம்.

பழைய டயர்களை, ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் தருவதாகக் கடையிலேயே கேட்டார்கள். எதற்கென்று விசாரித்தபோது, பின்டயர் இரண்டும் “இன்னும் ஓடும்” என்றார்கள். எங்கள் குடும்பத்துக்கு ஆகாதென்று கழற்றியதை இன்னொரு குடும்பத்தின் வண்டியில் மாட்டுவதற்கு விலை பெற மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கச் சுவர்களை அறுத்து, நீர் தேங்கிக் கொசு வளராதபடி அடியில் துளையிட்டோம். மூன்று டயர்கள் கொல்லைச் சரிவில் மண் நிரப்பப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் நன்னி புதினா வைத்திருக்கிறார். நான்காவதற்கு மகள் கயிறு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.